கிறிஸ்தியான்பேட்டை அருளப்பனார்

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி செல்லும் வழியில், குடமுருட்டியாற்றை அடுத்துள்ளது வலங்கைமான். ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் அவ்வூர் மாரியம்மன் கோயிலிற் பாடைக் காவடி விழா நடைபெறுகின்றது. கொடிய நோயில் வீழ்ந்து பிழைத்தெழுந்தோர், தாம் நேர்ந்துகொண்டவாறே பாடையிற் பிணம்போற் கிடந்து, உற்றார் தோளிற் சுமந்து வரக் கோயிலை அடைவர். நாம் அவ்வழிபாட்டினர் அல்லேம். ஆயினும் அக்காட்சியை நகைத்துக் கடந்துபோக நம்மால் இயலவில்லை. பாடையிற் கிடப்பவர் சாவின் வாயிலை ஒருமுறை தொட்டு வந்தவர். அவரைச் சுமப்போர் அவ்விரவுகளிற் கண்விழித்திருந்தவர். தெய்வத்தின் கை தம்மை நேரே தீண்டவேண்டுமென்னும் வேட்கை இக்காவிரி நாட்டில் எத்துணை ஆழமானது என்பதை அறிய விரும்புவோர் அவ்விழாவைக் காணல்வேண்டும்.

கிறிஸ்தவருள்ளும் அவ்வேட்கை இல்லாமற் போகவில்லை. ஆயின் அவர்களிடையே அது ஒரு வினாவாக உருக்கொண்டது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து பட்டணத்துச் சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஆவியின் வரங்கள் சிலவற்றை எண்ணிச் சொல்லுகின்றார். நோய் தீர்த்தல், அற்புதம் செய்தல், தீர்க்கதரிசனம் உரைத்தல், ஆவிகளைப் பகுத்தறிதல், கற்றறியாத பாஷைகளிற் பேசுதல், அப்பாஷைகளுக்குப் பொருள் கூறுதல் முதலியன அவற்றுள் அடங்கும். இவ்வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு ஓய்ந்தனவோ, இன்றும் வேண்டிப் பெறத்தக்கனவோ என்பதே அவ்வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டிற்கு வந்த புராட்டஸ்டாண்டு மிஷனெரிமாரிற் பெரும்பாலோர், அவை ஓய்ந்துபோயின என்னும் கொள்கையினர். வீடு கட்டி முடிந்தபின் சாரத்தை அவிழ்த்துவிடுவதுபோல, வேதம் முற்றுப்பெற்றபின் அற்புதங்களும் அகற்றப்பட்டன என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணத்தை மறுத்து நூல் எழுதாமல், தம் சபையில் நிகழ்ந்ததைக் கொண்டே அதனை அசைத்தவர் ஒரு தமிழர். அவரே ஜான் கிறிஸ்தியான் அருளப்பனார்.

அவர் பிறந்தது திருநெல்வேலிச் சீமை. எனினும் அச்சீமையின் திருச்சபைக்கு வித்து நம் தஞ்சை நாட்டிலிருந்து சென்றதென்பதை ஈண்டு நினைவூட்டுதல் தவறாகாது. தஞ்சையிலிருந்து சென்ற குளோரிந்தா என்னும் பிராமண விதவை 1778ஆம் ஆண்டிற் பாளையங்கோட்டையிற் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785ஆம் ஆண்டிற் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அங்குள்ள சிறு மந்தையை மேய்க்கத் தஞ்சையிலிருந்து சத்தியநாதன் அனுப்பப்பட்டார். 1790ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றவரும் அவரே. பாளையங்கோட்டை இக்கடனைத் திருப்பிச் செலுத்தவும் தவறவில்லை. அங்கே 1774ஆம் ஆண்டிற் பிறந்த சிறுவனைச் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். அச்சிறுவனே பின்னர் வேதநாயகம் சாஸ்திரியார் என்னும் பெருங்கவியாய் விளங்கினார்.

அருளப்பனார் 1810ஆம் ஆண்டில் உக்கிரன்கோட்டையிற் பிறந்தார். பாளையங்கோட்டையிலே ரேனியஸ் ஐயரின் கீழ்ப் பயின்றார். ரேனியஸ் 1820ஆம் ஆண்டில் அங்கு வந்த ஜெர்மானியர். தமிழை ஆழக் கற்றவர். வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்துதலிற் பெரிதும் உழைத்தவர். உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்னும் வழக்கில் அவருக்கும் சர்ச் மிஷனெரி சங்கத்தாருக்கும் பிணக்கு மூண்டது. 1835ஆம் ஆண்டில் அவர் அச்சங்கத்தை விட்டு நீங்கினார். 1838ஆம் ஆண்டிற் காலமானார். சபையை நடத்தும் உரிமை அயல்நாட்டுச் சங்கத்தினின்று வருவதோ, வேதத்தினின்றே வருவதோ என்னும் கேள்வி இங்ஙனம் அருளப்பனாரின் இளமையிலேயே அவர் காதில் விழுந்தது. அக்கேள்வி அவர் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

இவ்விடத்தில் இன்னொருவரை அறிமுகப்படுத்தல் வேண்டும். அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் என்பார் இங்கிலாந்தில் எக்ஸீட்டர் நகரிற் பல் வைத்தியராய் இருந்து பெரும் பொருள் ஈட்டியவர். கிறிஸ்துவின் சீடர் பொருள் சேர்த்துவைத்தல் தகாதென்று 1825ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டு, தாம் எழுதியதைத் தாமே கைக்கொண்டு, எச்சங்கத்தின் சம்பளமுமின்றி 1829ஆம் ஆண்டிற் பாக்தாது நகருக்குப் புறப்பட்டார். அவ்வூரிற் கொள்ளைநோய்க்கு மனைவியை இழந்தார். அங்கே அவரைக் கண்டு இந்தியாவுக்கு அழைத்து வந்தவர் வேறு எவருமல்லர், நம் சர் ஆர்தர் காட்டனே. கொள்ளிடத்தின் மேலணையும் கீழணையும் கட்டி, காவிரியில் நீர் குன்றாமற் காத்து, தஞ்சை மண்ணிற் பயிர் வாழச் செய்த அதே காட்டன்தான். நம் வயலுக்குத் தண்ணீர் தந்த கை, 1833ஆம் ஆண்டில் அருளப்பனாருக்கு ஒரு நண்பரையும் தந்தது என்று சொல்லி மகிழ்கின்றோம்.

குரோவ்ஸ் தென்னாட்டிற் செய்த பிரயாணங்களில் அருளப்பனார் அவருக்குத் துணையானார். அவரிடத்தில் அருளப்பனார் கண்ட புதுமை இரண்டு. ஒன்று, வெள்ளையரும் தமிழரும் ஒரே மேசையில் அப்பத்தைப் பிட்டு உண்ணலாம் என்பதும், அதற்குப் பட்டம் பெற்ற குருவின் கை வேண்டுவதில்லை என்பதும். மற்றொன்று, ஊழியத்துக்கு வேண்டிய பொருளை மனிதரிடம் கேளாமற் கடவுளிடமே கேட்டல். குரோவ்ஸின் சகோதரியை மணந்த ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளை இம்முறையாலேயே போஷித்தார் என்பது உலகறிந்த செய்தி. இவ்விரண்டனுள் முன்னதைப் பற்றி அக்காலத்துச் சங்கத்தார் கொண்ட சினம் மிகுதி. பின்னதைப் பற்றி எவரும் சினக்கவில்லை. தமிழர் ஒருவர் அதனைக் கைக்கொள்வார் என்று எவரும் எதிர்பாராமையே அதற்குக் காரணமாகலாம்.

ஆயின் அருளப்பனார் அதனைக் கைக்கொண்டார். 1840ஆம் ஆண்டளவில் அவர் தம் சொந்தச் சீமைப் பக்கம் திரும்பித் தனித்து ஊழியம் செய்யத் துணிந்தபோது, அவருக்கென ஒரு சம்பளம் ஏற்படுத்தலாமென்று கருதப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. அவர் கூறிய காரணம் எளியது. கூலிக்காகப் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் ஓயாது தம்மைப் பேசுவார்கள் என்பதே அது. நாட்டுப்புறத்தை அறிந்தோர் இதன் உண்மையை அறிவர். மிஷன் உபதேசியாருக்கு மாதச் சம்பளம் உண்டென்பதும் அது இத்தனை ரூபாய் என்பதும் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்திருப்போர் அனைவர்க்கும் தெரியும். அவர் பேசும் சுவிசேஷம் எவ்வளவு இனியதாயினும், கேட்போர் மனத்தில் அந்தத் தொகை முன்வந்து நிற்கும். அருளப்பனார் அந்தத் தொகையையே எடுத்தெறிந்துவிட்டார். மனைவி மக்களையுடைய ஒருவர் இதனைச் செய்தார் என்பதை மறவாமல் படிக்கும்படி நம் வாசகரை வேண்டுகின்றோம். இவ்வரலாற்றில் பின்னர் வரும் வியப்புகளெல்லாம் இந்த ஒரு செயலின் மேல் நிற்பனவாகவே நமக்குத் தோன்றுகின்றன.

திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் எல்லைப்புறத்தில், மேற்கு மலையடிவாரத்து வத்திராயிருப்புக்கு அருகே அவர் ஒரு சிற்றூரை நிறுவினார். கிறிஸ்தியான்பேட்டை என்பது அதன் பெயர். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது அது. அங்கிருந்துகொண்டு சுற்றுப்புறக் கிராமங்கள்தோறும் நடந்து சென்று போதித்தார். சிறு சிறு சபைகள் தோன்றின. அவற்றுள் ஒன்றேனும் அயல்நாட்டுச் சங்கத்தின் ஏட்டில் எழுதப்பட்டதன்று. 1853ஆம் ஆண்டில் குரோவ்ஸ் இங்கிலாந்திற் காலமானார். அதன்பின் இருபது ஆண்டுக் காலம் பழகிய ஆசிரியரும் நண்பரும் இன்றி அருளப்பனார் தம் மந்தையைத் தாமே நடத்தினார்.

இனி 1860ஆம் ஆண்டின் செய்திக்கு வருவோம். அதற்கு முந்திய மூன்றாண்டுகளில் அமெரிக்காவிலும், பின்னர் அயர்லாந்தின் வடபகுதியிலும் பெரிய எழுப்புதல்கள் உண்டாயின. அச்செய்திகள் கடிதங்களாலும் மிஷன் பத்திரிகைகளாலும் தென்னாட்டை எட்டின. அருளப்பனார் அவற்றைக் கேட்டுத் தம் ஜனங்களையும் ஜெபத்திலே தூண்டினார். கடல் கடந்து அங்கே இறங்கிய ஆவி, மலையடிவாரத்துப் பனைநிழலில் இறங்கத் தடையென்ன என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும்.

அவ்வாண்டு மே மாதம் 4ஆம் நாள் தொடங்கி 7ஆம் நாள் வரையில் கிறிஸ்தியான்பேட்டையில் நிகழ்ந்ததை அவரே எழுதிவைத்துள்ளார். சிலர் தீர்க்கதரிசனம் உரைத்து ஜனங்களைக் கடிந்தனர். சிலர் மார்பில் அறைந்துகொண்டு நடுநடுங்கி வீழ்ந்தனர். தத்தம் பாவங்களை வெளிப்படையாய் அறிக்கையிட்டு அழுதனர். ஊணும் உறக்கமும் மறந்து ஜெபித்தனர். ஞானஸ்நானம் பெறாதிருந்தவர்கள் அதைப் பெறுமளவும் அமைதியின்றித் தவித்தனர். ஆவியைப் பெற்றபின் ஞானஸ்நானம் அடைந்தோர் 25 பேர். அண்டையிலிருந்த புறமதத்தினரும் கண்டு திகைத்தனர். ஜூன் மாதத்தில் சிலர் கற்றறியாத பாஷைகளிற் கடவுளைத் துதிக்க, அவற்றுக்குப் பொருளும் அங்கேயே கூறப்பட்டது. ஜூலையில் அவரைச் சேர்ந்த வேறொரு கிராமச் சபையிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

பாஷை பேசப்பட்டது என்பதோடு நில்லாமல், பொருளும் கூறப்பட்டது என்று அவர் குறிப்பதைக் கவனிக்க வேண்டும். பொருள் கூறுவார் இல்லாவிடில் சபையில் அந்நியபாஷை பேசுவோன் வாய்மூடியிருக்க வேண்டுமென்பது பவுலின் கட்டளை. தீர்க்கதரிசனத்தையும் கேட்போர் நிதானித்தறிய வேண்டுமென்பது அவர் விதி. அருளப்பனார் உணர்ச்சிப் பெருக்கில் அடித்துச் செல்லப்பட்டவராயின், இத்தகைய அடையாளங்களை எழுதிவைத்திரார். நடுங்கி வீழ்ந்த கூட்டத்தின் நடுவே ஒருவர் வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, நிகழ்வதை அதனோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது நம் துணிபு.

வரம் பெற்றோர் அதனைக் கொண்டு என்ன செய்தனர்? அருளப்பனாரின் மகன், மகள் ஒருவர், இன்னும் மூவர் ஆகிய ஐவரும் தம் உறவினரைக் காணும்பொருட்டு மூன்று கிராமங்களுக்குச் சென்றனர். அவ்வூரார் சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அங்கும் சிலர் தீர்க்கதரிசனம் உரைத்தனர், சிலர் பாஷைகள் பேசினர், பொருளும் கூறினர். இங்ஙனம் ஊர்விட்டு ஊர் பரவிய இயக்கத்தில் பணப்பையும் இல்லை, சம்பளமும் இல்லை, அனுப்பியதோர் சங்கமும் இல்லை. ஒரு பெண் போதகப் பயணத்திற் சென்றாள் என்பதும் 1860ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிற் சிறிய செய்தியன்று. இந்தியாவில் அவ்வாண்டு வெளிவந்த மிஷன் பத்திரிகையொன்று, பட்டம் பெறாத சாதாரணக் கிறிஸ்தவர்கள் தம் நாட்டாருக்குப் பிரசங்கிக்கத் தாமே புறப்பட்டதை ஒரு புதிய யுகத்தின் தொடக்கமென்று எழுதிற்று. இவர்களிடம் இத்தகைய வைராக்கியம் உண்டென்று தாம் எண்ணியதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலைப் படிக்கும்போது நமக்கு மகிழ்ச்சியும் சிறிது வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. ஐம்பது ஆண்டுக்கு மேலாக அவர்களிடை வாழ்ந்தும் எண்ணியதில்லையாம்.

மிஷனெரிமார் எல்லாரும் ஒரு கருத்தினராய் இல்லை. வடதிருநெல்வேலியில் ஊழியம் செய்த சர்ச் மிஷனெரி சங்கத்தார் சிலர் நேரே கண்டு, பாவ உணர்வும் மனமாற்றமும் உண்மையென ஏற்று எழுதினர். ஆயின் பாஷைகளையும் தரிசனங்களையும் பற்றித் தயங்கினோர் பலர். அவ்வனலை அவிக்க முயன்றோரும் உண்டென்று அருளப்பனார் குறிக்கின்றார். அவர்கள் தயக்கத்தை முற்றும் குறைகூறுதல் நியாயமன்று. முப்பதாண்டுக்கு முன்னே, 1831ஆம் ஆண்டில், லண்டன் நகரில் எட்வர்ட் இர்விங் என்னும் ஸ்காத்லாந்து தேசத்துப் போதகரின் சபையில் அந்நியபாஷைகள் எழுந்தன. அதனால் அவர் தம் ஆலயத்தையும் குருத்துவத்தையும் இழந்து, 1834ஆம் ஆண்டில் நாற்பத்திரண்டு வயதிலேயே மனமுறிந்து மாண்டார். அந்நினைவு ஐரோப்பியக் குருமாருள் எளிதில் மறையக்கூடியதன்று. தவிரவும் தென்பாண்டி நாட்டிற் பேயாட்டம் கண்டவர்கள் அவர்கள். கொடை விழாவிற் சாமியாடி நடுங்குவதும் ஜெபக்கூட்டத்தில் ஒருவன் நடுங்குவதும் புறத்தே ஒன்றுபோலவே காணப்படும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்று அவர்கள் அஞ்சியது வெறும் அகந்தையால் மட்டுமன்று.

பிரித்தறிவதற்கு நாம் காணும் அளவுகோல் ஒன்றுண்டு. சாமியாடி அருள்வாக்குச் சொன்னபின் தட்சிணை வாங்குகின்றான். இக்காலத்தில் ஆவியின் வரம் பெற்றோம் என்று விளம்பரம் செய்து மேடையிட்டுக் காணிக்கை திரட்டுவோரும் நம்மிடையே உளர். அவர்கள் எம்மார்க்கத்தினராயினும் இவ்வகையில் வேற்றுமை இல்லை. அருளப்பனாரின் வாழ்க்கையில் வரிசை தலைகீழாய் அமைந்துள்ளது. முதலிற் சம்பளம் வேண்டாமென்றார். இருபது ஆண்டு கிராமம் கிராமமாய் நடந்தார். அதன்பின்னரே வரங்கள் வந்தன. வந்தபின்னும் அவர் பெருஞ்செல்வர் ஆனாரில்லை. பெரிய பட்டம் ஒன்றைச் சூட்டிக்கொண்டாருமில்லை. வரங்களைத் தேடினாரா என்று கேட்பின், தேடினார் என்றே சொல்ல வேண்டும். வேதத்தில் விரும்பத்தக்கனவென்று கூறப்பட்டவற்றை விரும்புதல் தவறென்று அவர் கருதவில்லை. ஆனால் தம் சபையார் திருந்துதலையும், சுற்றியுள்ளோர் கேட்டறிதலையும் நோக்கியே தேடினார். நோய்ப்படுக்கையில் வேதனைப்படுவோன் அற்புதத்தைத் தேடுவதை நாம் ஒருபோதும் பழிக்கமாட்டோம். அவனுடைய வேதனையை முதலாக வைத்து வாணிகம் செய்வோனையே அருளப்பனாரின் அருகில் நிறுத்திப் பார்க்க விரும்புகின்றோம்.

எழுப்புதல் ஒரே நாளில் அவிந்துவிடவுமில்லை, ஒரே அளவில் நிலைத்திருக்கவுமில்லை. அருளப்பனார் 1867ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழளவு.

அவர் மறைந்தபின் அவ்வனல் மலையைக் கடந்து மலையாள நாட்டிற்குச் சென்றது. 1873ஆம் ஆண்டு முதல் திருவிதாங்கூர்ச் சபைகளில் எழுப்புதல் பரவிற்று. அதில் தலைநின்றவர் யுஸ்துஸ் யோசேப்பு என்பவர். தமிழ்ப் பிராமணக் குலத்திற் பிறந்து கிறிஸ்தவராகிச் சர்ச் மிஷனெரி சங்கத்தில் குருவானவர். மலையாளத்தில் இனிய கீர்த்தனைகள் இயற்றியவர். அங்கும் தரிசனங்களும் தீர்க்கதரிசனங்களும் எழுந்தன. ஆயின் 1875ஆம் ஆண்டில் ஒரு தீர்க்கதரிசனத்தை நம்பி, கிறிஸ்து 1881ஆம் ஆண்டில் திரும்ப வருவாரென்று அக்கூட்டத்தார் நாள் குறித்துவிட்டனர். ஐந்தரை ஆண்டு என்று கணக்கிட்டமையால் ஊரார் அவர்களை அஞ்சரை வேதக்காரர் என்று அழைத்தனர். குறித்த நாள் வந்தது, கடந்தது. பலர் நாணித் திரும்பிப் பழைய சபைகளைச் சேர்ந்தனர். யுஸ்துஸ் யோசேப்பு 1887ஆம் ஆண்டிற் காலமானார். அவருடைய கீர்த்தனைகளை மலையாளக் கிறிஸ்தவர் இன்றும் பாடுகின்றனர். தீர்க்கதரிசனத்தை நிதானித்தறிக என்ற விதி அங்கே எந்த இரவில், எவர் கையில் நழுவிற்றோ என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. அவர்களும் மெய்யாகவே அழுது ஜெபித்தவர்களே.

இக்காலத்தில் உலகெங்கும் பெந்தெகொஸ்தே சபைகள் பெருகியுள்ளன. அவற்றின் தோற்றத்தைக் கூறுவோர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அசூசாத் தெருவில் 1906ஆம் ஆண்டில் நிகழ்ந்ததிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றனர். அதற்கு ஓராண்டு முன்னதாகவே பூனாவுக்கு அருகில் பண்டிதை ரமாபாய் அம்மையாரின் முக்தி சதனத்தில் விதவைப் பெண்களிடையே எழுப்புதல் உண்டாயிற்று என்று சொன்னால், அறிந்தோர் சிலர் தலையசைப்பர். அதற்கும் நாற்பத்தைந்து ஆண்டுக்கு முன் வத்திராயிருப்புப் பக்கத்தில் என்று சொன்னாலோ, நம்மவரே நம்மை ஐயத்தோடு நோக்குகின்றனர்.

ஜி. எச். லாங் என்னும் ஆங்கிலேயர் அருளப்பனாரின் நாட்குறிப்புகளைத் திரட்டி 1939ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். ஒரு தமிழரின் நடையும் ஜெபமும் கண்ணீரும் அதனாலேயே உலகத்துக்குத் தெரியவந்தன. அந்நூல் ஆங்கிலத்தில் உள்ளது. நம் கல்லூரியில் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர், ஆங்கிலம் நன்கறிந்த மற்றொருவரைத் துணைக்கொண்டு, அதனை மறுபடியும் அவருடைய தாய்மொழிக்குக் கொண்டுவருவாராயின், அவருக்கு வேண்டிய காகிதச் செலவை நாம் ஏற்கச் சித்தமாயிருக்கின்றோம்.